எதிர்வீட்டு ரங்கூன்

"நான் காரைக்குடியில இருந்தப்ப" என்று மதினி பேச்சைத் தொடங்கும்போது காரைக்குடியில்தான் நின்றுகொண்டிருப்பாள். எங்கள் வீட்டு வாசலில், கையில் ஆய்ந்து முடிக்காத முருங்கைக் கீரையோடு, தெருவின் இந்தப் பக்கத்தில். அந்தப் பக்கத்தில் அவளுடைய வீடு. கதவு திறந்திருக்கும். உள்ளே மாமியார் அரிசி புடைக்கும் சத்தம் தெருவுக்கு வரும். "நான் காரைக்குடியில இருந்தப்ப இந்த வேம்புக்கு இம்புட்டுக் கிளி வரும்னு தெரியாது" என்பாள். வேப்பம்பழம் கொறிக்கும் கிளிகள் அவள் தலைக்கு மேலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

புத்தி பிசகிய பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அவள் ஊரைவிட்டுப் புறப்பட்டிருந்தாள். எங்கள் வீடு வரைக்கும் வந்திருந்தாள்.

அவளுடைய கணவர் எனக்கு அண்ணன் முறை. ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் மேஸ்திரி. கல்யாணமான கொஞ்ச காலத்தில் கப்பலேறியவர், நடுவில் இரண்டு தடவை விருந்தாளி போல வந்து போனார். அந்த வருஷம் ஆலையில் குடும்பக்காரர்களுக்கு வீடு ஒதுக்கப் போகிறார்கள், உடனே வந்தால் உண்டு, தள்ளினால் இன்னொருத்தருக்குப் போய்விடும், அப்புறம் கூப்பிட வழியில்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். சொல்ல வந்தவர் அதே ஆலையில் வேலை பார்த்த சிங்கம்புணரிக்காரர், மதினிக்கு அண்ணன் முறை. திரும்பும்போது அவரே கூட்டிப்போவதாக ஏற்பாடு. சோசியர் நாள் குறித்தார். குறித்த நாள் நெருங்கும்போது சிங்கம்புணரி வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை அந்த வீட்டிலிருந்து யாரும் பயணம் கிளம்ப மாட்டார்கள். இந்த நாளை விட்டாலோ ஆடி வந்துவிடும், ஆவணி பிறக்கும்வரை நாள் கிடையாது. அதற்குள் ஆலை வீடு போய்விடும்.

இப்படி நல்ல நாளும் கிளம்புகிற நாளும் ஒத்துவராதபோது பரஸ்தானம் வைப்பது வழக்கம். குறித்த நேரத்தில் பயண மூட்டையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாக அர்த்தம். அதன் பிறகு எப்போது வண்டியேறினாலும் அந்த நல்ல நேரம்தான் கூட வரும். எங்கள் தெருச் சோசியர் கறார்க்காரர். மூட்டை மட்டும் போனால் போதாது, ஆளும் போக வேண்டும். போன ஆள் தன் வீட்டு நிலைப்படியைத் திரும்பத் தாண்டினால் பயணம் முறிந்தது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ரங்கூன் பயணத்தின் முதல் பகுதி ஒரு தெரு அகலம். ஒரு காலை வேளையில் மதினி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து இறங்கினாள். மாமியார் நெற்றியில் திருநீறு பூசினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் அம்மா நிறைகுடத்தோடு எதிரே போய் நின்றார். செம்மண் புழுதியில் பாதம் பதியப் பதியத் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்குள் வந்து மூட்டையை இறக்கினாள். தெருவே பெருமூச்சு விட்டது. அந்த மூச்சு அடங்குமுன் எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள, உப்ப எங்க வச்ச?"

"புளிப்பானைக்குப் பின்னால இருக்கு அத்தே."

சிரிக்காதவர்கள் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ரங்கூன் என்று பெயராகிவிட்டது. "ரங்கூன்ல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். மாமியாரும் விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு வந்து, "ரங்கூன்காரி சாப்பிட்டாளா?" என்று பொதுவாகத் தெருவைப் பார்த்துக் கேட்பார். தெருவே பதில் சொல்லும்.

நான் ஒக்கூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தேன். மதினிக்கு எங்கள் வீட்டில் கீரை ஆய்வதைத் தவிர வேலை கிடையாது, பயணம் போகிற பெண் அடுப்பில் நிற்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு நடப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. சும்மா இருக்கிற இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் சேர்வது எங்கள் தெருவில் அதுவரை நடக்காத சங்கதி.

அவள் உயரம். தெருவில் நடக்கும்போதும் கழுத்தைச் சற்று வளைத்தே நடப்பாள், ஏதோ ஒரு வாசல் நிலைக்குக் கீழே போவது போல. காளையார்கோவில் பக்கத்துப் பெண். சிறு வயதிலேயே கல்யாணமாகி இங்கே வந்தவள். பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏ புள்ள, இவளே, மேஸ்திரி பொண்டாட்டி, இனி ரங்கூன்காரி. எனக்கு மதினி.

வந்த புதிதில் அவள் எங்கும் போகவில்லை. கம்பிச் சன்னலை ஒட்டி உட்கார்ந்து தன் வீட்டையே பார்த்தாள். அப்படி என்னதான் தெரிகிறது என்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கூரையில ஒரு மூலை ஓடு மட்டும் கறுத்திருக்கு பாரு. அதுக்குக் கீழதான் எங்க அடுப்பு. அம்புட்டும் நான் ஊதுன புகை" என்றாள். சொன்னதில் பெருமையா வருத்தமா என்று பிரித்தறிய முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நெலைக்கு மேல ரெண்டு மீன் செதுக்கியிருக்கு புள்ள" என்றாள்.

"நீங்க பாத்ததில்லையா மதினி?"

"குனிஞ்சு போற தலைக்கு மேல எது இருந்தா என்ன?"

இன்னொரு மத்தியானம் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். "கேளு. எங்க அத்தை பாடுறாக." எதிர்வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல், உரலில் எதையோ இடிக்கிற தாளத்தோடு வந்தது. மாமியார்தான். அத்தனை வருஷம் ஒரே அடுப்பைப் பங்கு போட்டவள் கேட்டதில்லை. ஆள் இருந்தால் அவர் பாட மாட்டார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு, திருட்டுத்தனமாக ஒன்றைத் தின்கிறவளைப் போல அதைக் கேட்டு முடித்தாள்.

பிறகு வெளியே நடக்கத் தொடங்கினோம். பிள்ளைத்தாய்ச்சி நடந்தால்தான் சுகப்பிரசவம் என்பதால் அம்மாவும் தடுக்கவில்லை. கொப்புடையம்மன் கோயில் வரைதான் மதினிக்குத் தெரியும், அதுவும் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக. இப்போது அவளுக்கு ஒவ்வொன்றும் வேண்டும். இந்தத் தெரு எங்கே போகிறது? இந்த ஊருணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? செக்காலைப் பக்கம் என்ன இருக்கிறது? இந்த வீட்டுக்கு முகப்பு இந்தத் தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிறதே, உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்குப் பாதிக்கு மேல் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகி, பிறகு வெட்கமும் விட்டு, அவள் கேட்பதற்கு முன் நானே கேட்கத் தொடங்கினேன்.

ஒரு செட்டியார் வீட்டுக் கட்டுமானத்துக்கு வண்டி வண்டியாகத் தேக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் யானைக்கால் பருமன். மதினி நேராகப் போய் ஒரு மரத்தின் வெட்டுமுகத்தில் மூக்கை வைத்தாள்.

வண்டிக்காரர் சிரித்தார். "என்ன ஆத்தா, மோந்து பாக்குறீக, வாங்கப் போறீகளா?"

"இல்லப்பா. இது எங்குட்டிருந்து வருது?"

"ரங்கூன்ல இருந்து."

"நான் அங்குட்டுத்தான் போறேன். இது இங்குட்டு வருது. எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"பதில் சொல்ல மாட்டேங்குது. மழை வாசம் அடிக்குது."

வண்டிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மூக்குக்கயிற்றை விட்டு இறங்கி வந்து தானும் குனிந்து மோந்தார். அவரை எனக்கு அதனாலேயே இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சந்தையில் வளையல்காரர் அவளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். கண்ணெல்லாம் அப்படி விரிந்திருந்தால் யாரும் அசலூர் என்றுதான் நினைப்பார்கள். மதினி அசராமல், "ரங்கூன் பக்கம்" என்றாள். அவ்வளவுதான். அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு ஊர்ப் பெருமையை எடுத்து வைத்தார். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும், எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் ஒரு பொட்டும் வீணாகாமல் ஊருணிக்கு ஓடும், சுவருக்கு முட்டையின் வெள்ளைக் கருவைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசித் தேய்த்தால் எப்படி முகம் தெரியும் என்று அவர் சொல்லச் சொல்ல மதினி உம் கொட்டினாள்.

"ரங்கூன்ல இப்படி வெயில் உண்டா ஆத்தா?" என்று கடைசியில் அவர் கேட்டார்.

"இனிமேத்தான் பாக்கணும்."

அவர் முழிப்பதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்துவிட்டாள். ஊருணிக் கரை வந்ததும்தான் சிரித்தாள். சிரித்து முடித்து, "நல்ல ஊராத்தான் இருக்கும் போல" என்றாள்.

அம்மா கவனித்திருக்கிறார். "வர வர நிமிந்து நடக்குறா" என்றார் என்னிடம். அதைச் சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை.

அம்மாவின் கவலைக்குக் காரணம் இருந்தது. ஊரை இப்படிப் பார்க்கப் பார்க்க மதினிக்கு ஏக்கமும் கூடிக்கொண்டே வந்தது. பிரிந்து போனவர்களுக்கு வருகிற ஏக்கம், பிரியாமலேயே அவளுக்கு வந்துவிட்டது. ஊருணிப் படியில் காலை நனைத்துக்கொண்டே, "இந்தத் தண்ணி எப்படிக் குளுகுளுன்னு இருக்கும் தெரியுமா" என்று இறந்தகாலத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்டாள். தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒரு விசித்திரப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் கோயில் மணி அடித்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். என்ன மதினி, காது வலியா என்றேன். இல்லை, மணியை இன்றோடு விட்டாயிற்று என்றாள். அடுத்து ஊருணித் தண்ணீரை விட்டாள், எங்கள் கிணற்று உவர்த்தண்ணீரைக் குடித்தாள். பிறகு வேப்பமரத்தை விட்டாள்; வாசலுக்கு வந்தாலும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள். கிளிகள் கத்தும். கீழே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"ஊருக்குள்ள இருந்துக்கிட்டே ஊருக்கு ஏங்குறவள இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா அதட்டினார். "எதுக்கு இந்த விரதமெல்லாம்?"

மதினி சொன்னாள். "மொத்தமா விட்டா தாங்காது, ஒண்ணொண்ணா விட்டுப் பழகிக்குவோம்னு பாத்தேன் சின்னத்தே. ஒவ்வொண்ணும் தனித்தனியா வலிக்குது."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா அவளுக்கு மட்டும் ஊருணித் தண்ணீரைச் செம்பில் மொண்டு வைத்தார். மதினி குடித்தாள்.

பிறகு சிங்கம்புணரியிலிருந்து சேதி வந்தது. குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று, வருகிற புதன்கிழமை பஸ்ஸில் கிளம்பினால் கப்பலுக்குச் சரியாக இருக்கும், தயாராக இரு என்று சிங்கம்புணரிக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் ஊருக்கு ரயில் வராத காலம். மோட்டார் பஸ்ஸில் புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போய்த்தான் சென்னைப் பட்டணத்துக்கு ரயில் பிடிக்க வேண்டும். சேதியைச் சொல்லிவிட்டு ஆள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், எதிர்வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல்.

"ஏ ஆத்தா, இடுப்பு போச்சே."

மதினி ஓடினாள். அந்த ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை, தெருவை இரண்டே தாவலில் கடந்துவிட்டாள். நிலைப்படிக்கு நேரே வந்ததும் யாரோ முதுகுப்பக்கம் பிடித்து நிறுத்தியது போல நின்றாள். வலது கால் தூக்கியபடி இருந்தது. உள்ளே கிணற்றடியில் மாமியார் வழுக்கிவிழுந்து கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. அந்தக் காலை உள்ளே வைத்தால் ஆலை வீடு இல்லை, புருஷன் இல்லை. தூக்கிய காலை அவள் மெதுவாகப் பின்னால் கொண்டுவந்து புழுதியில் ஊன்றினாள்.

"யாரு அது வாசல்ல?"

"நான்தான் அத்தே."

"நீன்னா உள்ள வரமாட்டியா? ஒரு வாய்த் தண்ணி குடுக்க நாதியத்துக் கெடக்கேன்."

"வெளிய வாங்க அத்தே. குடத்தோட தாரேன்."

வலியில் கிடந்த மாமியாருக்கே அந்தப் பதிலில் ஒரு கணம் முனகல் நின்றுவிட்டது. எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் உள்ளே போய், கயிற்றுக் கட்டிலில் அவரைக் கிடத்தி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்து நிழலில் நடுத்தெருவில் இறக்கினார்கள். விழுந்தது நிசம், கத்தியது கொஞ்சம் கூடுதல் என்று அம்மா பிற்பாடு சொன்னார்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை வரை பகலெல்லாம் மாமியார் தெருவில்தான் கிடந்தார். இருட்டியதும் கட்டிலை உள்ளே தூக்கிப்போவார்கள், அம்மா துணைக்குப் படுப்பார். விடிந்ததும் கட்டில் வெளியே வந்துவிடும். மதினி நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள், எண்ணெய் தடவினாள், கஞ்சி ஊட்டினாள், தலை வாரினாள். வண்டிகள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயின.

"என்ன ஆத்தா, நடுத்தெருவுல படுத்திருக்கீக?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார்.

"எம் மருமக ரங்கூன்ல இருக்கா, நான் ஊர்ல இருக்கேன். ரெண்டு பேருக்கும் நடுவுல இதுதான எடம்" என்றார் மாமியார்.

மதினி அவருடைய பாதத்தைப் பிடித்துவிட்டபடியே, "நீங்க பாடுவீகளாமே அத்தே" என்றாள்.

"எவ சொன்னா?"

"ரங்கூனுக்குக் கேட்டுச்சு."

மாமியார் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெகு நேரம் அதை விலக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தோம். துணிக்கு அடியிலிருந்து ஒரு நடவுப் பாட்டு, பாதிச் சொல்லும் பாதி மூச்சுமாக வந்தது. மதினி கால் பிடிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும் என்பது போல.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமியார் எழுந்து நடமாடிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு தாமே வீட்டுக்குள் போனார். போனவர் நிலைக்கு அந்தப் பக்கத்தில் திரும்பி நின்றார். மதினி இந்தப் பக்கத்தில், தெருவில். நானும் அம்மாவும் எங்கள் வாசலில் நின்றோம். விளக்கேற்றும் நேரம். யாரும் விளக்கேற்றப் போகவில்லை.

"ஏ புள்ள."

"சொல்லுங்க அத்தே."

"அவன் மொகம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

மதினி பொய் சொல்லவில்லை. "பாதி இருக்கு."

"பெத்தவ எனக்கே அம்புட்டுத்தான் இருக்கு. அந்தப் பாதி மொகத்துக்காகக் கடல் தாண்டுறியா?" மாமியார் குரலைத் தாழ்த்தினார், ஆனால் அந்தத் தெருவில் தாழ்த்திய குரல்தான் நன்றாகக் கேட்கும். "ஒரு காலை உள்ள வையி. எனக்கு ஒத்தாசைக்கு வந்த எடத்துல மறந்து வச்சுட்டேன்னு சொல்லிரு. சோசியன்கிட்ட நான் பேசிக்கிறேன். எம் மகனுக்கும் நானே சொல்லிவிடுறேன். மறந்து வச்சுட்டா, பாவம்னு ஊரும் சொல்லும். உன்னைய ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாக."

வைத்துவிடுங்கள் மதினி என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றையும் பிரிய அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். ஒரே ஓர் அடி. ஊர் முழுக்க அவளுக்கு மிஞ்சும்.

மதினி நிலையில் கையை வைத்தாள். உள்ளே பார்த்தாள். நடையின் இருட்டு, அதற்கப்பால் கிணற்றடியில் கொஞ்சம் வெளிச்சம். அவள் அப்படி நின்ற நேரத்தில் மாமியாரின் முகம் இளகிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். வரப்போகிறாள் என்று நம்பிவிட்டார். நானும் நம்பினேன்.

"உள்ள வந்தா எனக்கு என்ன தெரியும் அத்தே?"

"என்ன தெரியணும்?"

"அடுப்பு தெரியும். கெணறு தெரியும். இம்புட்டு வருசம் இந்த ஊருலதான இருந்தேன், ஒரு கிளி தெரிஞ்சுச்சா? நீங்க பாடுறது தெரிஞ்சுச்சா? போறவன்னு ஆனப்பறம்தான் இந்த ஊரு எனக்கு மொகத்தக் காட்டுச்சு. நான் திரும்பி வந்தா மூடிக்கிரும்."

"போனா மட்டும் தெரியுமா?"

"போனா ஏங்கவாச்சும் செய்யலாம்."

மாமியார் நிலையைப் பிடித்தபடி நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "அப்ப எனக்கு?"

மதினி திரும்பி வேப்பமரத்தடியைப் பார்த்தாள். விட்டுவிட்டதாகச் சொன்ன மரத்தைத்தான்.

"அந்தக் கட்டில உள்ள தூக்கிப் போட்டுறாதீக அத்தே. அங்கனயே கெடக்கட்டும். அப்பப்ப வெளிய வந்து உக்காருங்க."

புதன்கிழமை காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எல்லோரும் போனோம். மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன், அவருக்கு இடுப்பு வலி. யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது. அழுதவர்கள் நாங்கள்தான். மதினி அழவில்லை. வேலையெல்லாம் முடித்துக் கை கழுவியவளின் முகம் அவளுக்கு. சன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள்.

சிங்கம்புணரிக்காரர் மூட்டையைக் கூரைமேல் கட்டிவிட்டு வந்து, "ஊர நல்லாப் பாத்துக்க ஆத்தா. இனி எப்பப் பாப்பியோ" என்றார்.

"பாத்தாச்சுண்ணே. பாக்கி இல்ல."

பக்கத்து இருக்கையில் மடியில் கூடையோடு ஒரு பெண். மதினி அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். இந்த ஊர்தானா என்று கேட்டாள். இந்த ஊர்தான், காளவாய்த் தெரு என்றாள் அந்தப் பெண்.

"அது எங்குட்டு இருக்கு?"

"சந்தைக்குப் பின்னால, சுண்ணாம்புக் காளவாய் இருக்குல்ல? அதை ஒட்டி. வெளியூரா நீங்க?"

மதினியின் முகத்தில் அத்தனை நாளும் நான் பார்க்காத ஒன்று வந்தது. பாதி எழுந்துவிட்டாள். தலை பஸ்ஸின் மேல்கம்பியில் இடித்தது. வண்டி உறுமி நகர்ந்தது. சிங்கம்புணரிக்காரர், உக்காரு ஆத்தா, கெளம்பியாச்சு என்று கையைக் காட்டினார். அவள் சன்னல் வழியாக என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஏ புள்ள, ஒரு தெரு பாக்கி இருக்காம். நான் பாக்கல."

அதற்குப் பிறகு புழுதிதான்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் பின்புறமாக நடந்தேன். மதினி இல்லாமல் அந்த வழி நீளமாக இருந்தது. காளவாய்த் தெரு சின்னத் தெரு. சுண்ணாம்புத் தூசி படிந்து முருங்கை இலை வெள்ளை, வேலிப் படல் வெள்ளை, கட்டிக் கிடந்த ஆட்டின் முதுகு வெள்ளை. ஒரு வாசலில் நடுவயதுப் பெண் ஒருத்தி கிளிஞ்சல் சலித்துக்கொண்டிருந்தாள். கண்ணிமையிலும் தூசி. என்னையும் என் வயிற்றையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரைத் தேடி வந்தீக?"

"யாரையும் இல்ல. இந்தத் தெருவப் பாக்க வந்தேன்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு இங்குட்டு?"

"தெரியல. அதான்."

அவள் சல்லடையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்து, நான் நிற்க நிழல் விட்டாள்.